சவுலின் அபிஷேகமும் சபைக் கணக்கும்

அன்புள்ள அண்ணனுக்கு,

களியக்காவிளை தாண்டி பாறசாலைப் பக்கம் எங்கள் ஊர். தமிழும் மலையாளமும் கலந்து ஜெபிக்கிற சின்ன சபை. கன்வென்ஷன் செலவுக் கணக்கைக் கேட்டேன். "அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே" என்று பாஸ்டர் வசனம் சொல்லிவிட்டார். தைலம் ஊற்றிக் கர்த்தர் நியமித்தவர்களைக் கேள்வி கேட்கக் கூடாதாம். வீட்டுக்கு வந்து வேதத்தைப் புரட்டினால் குழப்பம்தான் கூடியது. 1 சாமுவேல் 16:14இல் கர்த்தருடைய ஆவி இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலை விட்டு நீங்குகிறது. 24:6இல் அதே சவுலைக் கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர் என்கிறான், அவனால் துரத்தப்பட்ட தாவீது. அபிஷேகம் போய்விட்டதா, இருக்கிறதா? 1 யோவான் 2:27 வேறு, அபிஷேகம் பெற்ற உங்களுக்கு ஒருவரும் போதிக்க வேண்டியதில்லை என்கிறது. அப்புறம் பாஸ்டர் எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். வஞ்சிக்கிறவர்களைப் பற்றி எழுதுகிறேன் என்கிறார் யோவான். புதுச்சரக்கோடு வரும் அந்த ஆட்கள் உங்களுக்குத் தேவையில்லை என்பதுதான் பேச்சு. அதைச் சொல்லும் கடிதமே ஒரு போதனைதானே! பாஸ்டர் வேலைக்கு ஆபத்தில்லை.

சவுலுக்கு வருவோம். அவனை விட்டு ஆவி போனது, ராஜபதவி போகவில்லை. தாவீதுக்கு நேர்மாறு. பெத்லகேமில் தீர்க்கதரிசி சாமுவேல் தைலம் ஊற்றிய நாள்முதல் ஆவி அவன்மேல் இருந்தது, சிங்காசனம்தான் வரவில்லை. சவுல் செத்த பிறகு எப்ரோனில் யூதாவின் மனுஷர் அவனை மறுபடி அபிஷேகம் செய்கிறார்கள். அங்கே ஏழரை வருஷம் ஆண்ட பிறகுதான் இஸ்ரவேலின் மூப்பர்கள் வந்து மூன்றாம் முறை செய்கிறார்கள். தைலமும் ஆவியும் ஆட்சியும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போகும் என்று நினைத்துக்கொண்டு வாசிப்பதால்தான் இடிக்கிறது. இப்படிப் பிரித்தாலும் எல்லாம் நேராகிவிடாது. ஆவி விலகிய அதே சவுல்மேல் 1 சாமுவேல் 19:23இல் ஆவி திரும்ப இறங்குகிறது, அவன் தீர்க்கதரிசனம் சொல்கிறான். சவுலை ஒரே வரியில் கைகழுவ அந்தப் புத்தகம் நம்மை விடுவதில்லை.

சரி, "தொடாதே". அது சங்கீதம் 105:15. நாடு நாடாகப் பரதேசிகளாய்த் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தை ஒடுக்காதபடிக்கு ராஜாக்களை எச்சரித்த வார்த்தை. அதிகாரம் இல்லாதவர்களைக் காக்கச் சொன்னதை மைக் பிடித்திருப்பவர் தனக்குக் குடையாகப் பிடிப்பது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. தாவீது சவுலைத் தொடவில்லை என்றால் கொல்லவில்லை என்று அர்த்தம். எங்கேதி குகையில் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்துக்கொண்டு வெளியே வந்து, அந்தத் துண்டைக் காட்டி, ஏன் என்னைத் துரத்துகிறீர் என்று எல்லோர் முன்னாலும் உரக்கக் கேட்டான். சவுல் அழுதான். தாவீது தானே ராஜாவாகித் தப்புச் செய்தபோது தீர்க்கதரிசி நாத்தான், "நீயே அந்த மனுஷன்" என்றான். கர்த்தர் உன்னை அபிஷேகம் பண்ணினாரே என்பதை அதே மூச்சில் குற்றச்சாட்டாகவே சொன்னான்.

இனி கமிட்டி கூடும்போது 1 சாமுவேல் 12ஐ வாசிக்கச் சொல்லுங்கள், மலையாளத்திலும். சவுலுக்குத் தைலம் ஊற்றிய சாமுவேல், அந்த ராஜாவை முன்னால் வைத்துக்கொண்டு ஜனங்களைக் கேட்கிறான்: யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன். அதை வாசித்து முடித்ததும் பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் எவ்வளவு ஆயிற்று என்று கேளுங்கள்.