கேஸ் நம்பர் இருக்கிறது, ரிப்போர்ட் எங்கே?

கேள்வி: அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில், சமாமிஷில் குடியிருக்கிறோம். ஒரு வாரம் ஊர் சுற்றிவிட்டு வந்து பார்த்தால், பின்பக்கக் கண்ணாடிக் கதவை உடைத்து நகைகளை எடுத்துப் போயிருக்கிறார்கள். 911-ஐ அழைத்தோம். போலீஸ்காரர் வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ஒரு அட்டையில் கேஸ் நம்பரைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். என் கணவரின் இந்தியப் பாஸ்போர்ட்டும் காணாமல் போனது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி போலீஸ் ரிப்போர்ட் கேட்கிறது. சிட்டி ஹாலில் கேட்டால் ஷெரிஃப் அலுவலகத்தில் கேளுங்கள் என்கிறார்கள். எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்துகொண்டு போலீஸ் ஆவணம் கேட்டால் வில்லங்கம் வருமோ என்று கணவர் தயங்குகிறார். யாரிடம், எப்படிக் கேட்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் உங்கள் கணவரின் தயக்கத்தைப் பார்த்துவிடலாம். வாஷிங்டன் மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி ஆவணம் கேட்க நீங்கள் குடிமகளாக இருக்க வேண்டியதில்லை. ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும்தான். இங்கே யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சில விதிவிலக்குகள் தவிர, 'எதற்காகக் கேட்கிறீர்கள்' என்று அலுவலகம் உங்களை விசாரிக்கவும் முடியாது. விசா பற்றிய பேச்சே இதில் வராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீங்கள் அனுப்பும் விண்ணப்பமும் ஒரு பொது ஆவணம்தான், அதையும் வேறொருவர் கேட்டு வாங்கலாம். அதனால் விசா விவரம், சோஷியல் செக்யூரிட்டி எண், நகை மதிப்பு என்று குடும்பக் கதை முழுவதையும் அதில் எழுதி வைக்காதீர்கள்.

சிட்டி ஹாலில் உங்களை அலைக்கழிக்கவில்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சமாமிஷ் 1999-ல்தான் தனி நகரமானது. அதற்குச் சொந்தப் போலீஸ் துறை கிடையாது; கிங் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) காவல் துறையான ஷெரிஃப் அலுவலகத்தோடு ஒப்பந்தம் போட்டு அங்கிருந்து ஆட்களைப் பெறுகிறது. காரில் 'சமாமிஷ் போலீஸ்' என்று எழுதியிருந்தாலும் உங்கள் வீட்டுக்கு வந்தவர் கவுண்டியின் டெபுடி, அதாவது ஷெரிஃபின் கீழ் வேலை பார்க்கும் காவலர். அவர் எழுதிய ரிப்போர்ட் கவுண்டியின் பதிவேட்டில்தான் இருக்கும். ஷோர்லைன், வுடின்வில், கென்மோர், கவிங்டன், மேப்பிள் வேலி ஆகிய ஊர்களிலும் இதே ஏற்பாடுதான். பெல்வியூ, ரெட்மண்ட், கிர்க்லாண்ட், இசக்வா ஆகியவற்றுக்குச் சொந்தப் போலீஸ் உண்டு, அங்கே நடந்தால் அந்தந்த நகரத்தில்தான் கேட்க வேண்டும். தபால் முகவரியை நம்பியும் ஏமாறக் கூடாது. நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் ரெட்மண்ட் ரிட்ஜின் முகவரியில் ரெட்மண்ட் என்று இருக்கும், ஆனால் அது எந்த நகரத்திலும் சேராத கவுண்டிப் பகுதி. அங்கேயும் ஷெரிஃப்தான். சம்பவம் நடந்த இடம் யாருடைய எல்லைக்குள் வருகிறது என்பதுதான் கணக்கு.

ஊரில் எஃப்.ஐ.ஆர். பதிவானதும் புகார் கொடுத்தவருக்கு இலவசமாக ஒரு நகல் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அன்றைக்கே கையில் ஒரு தாள் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறோம். இங்கே கிடைப்பது கேஸ் நம்பர் மட்டும். டெபுடி பிறகுதான் ரிப்போர்ட்டை எழுதி முடிப்பார், மேலதிகாரி பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அது ஆவணப் பிரிவுக்குப் போகும். மறுநாளே கேட்டால் 'இன்னும் வரவில்லை' என்ற பதில் வரலாம். அதற்காக இன்சூரன்ஸ் கிளெய்மைத் தள்ளிப் போட வேண்டாம். கேஸ் நம்பர், டெபுடியின் பெயர், ஷெரிஃப் அலுவலகத்தின் பெயர் மூன்றையும் கொடுத்து கிளெய்மை இன்றைக்கே தொடங்குங்கள். ரிப்போர்ட்டைப் பின்னால் அனுப்பிக்கொள்ளலாம். அப்படியே பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பல வீட்டுப் பாலிசிகளில் நகைத் திருட்டுக்கென்று தனி உச்சவரம்பு இருக்கும். நம் வீட்டுத் தங்கத்துக்கு முன்னால் அது மிகச் சிறிய தொகையாகத் தெரியும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பாஸ்போர்ட் காணாமல் போனது அன்றைய ரிப்போர்ட்டில் இருக்காது, ஏனென்றால் அன்று உங்களுக்கே தெரியாது. ஷெரிஃப் அலுவலகத்தின் அவசரமல்லாத எண்ணை அழைத்து (911-ஐ அல்ல), கேஸ் நம்பரைச் சொல்லி, கூடுதல் ரிப்போர்ட்டாக அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் எண், அதிலிருந்த அமெரிக்க விசா, பிறகு நினைவுக்கு வந்த நகைகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். நகைகளுக்குப் படம், எடை, பில் இருந்தால் அனுப்பி வையுங்கள். இந்தியத் தூதரகத்தில் மாற்றுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது போலீஸ் ரிப்போர்ட் கேட்பார்கள். விசா திருடு போனதை, அதை வழங்கிய அமெரிக்கத் தூதரகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பாஸ்போர்ட் பற்றி ஒரு வரிகூட இல்லாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இந்த இரண்டு இடத்திலும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, இப்போது விண்ணப்பம். கிங் கவுண்டியின் இணையதளத்தில் பொது ஆவணம் கேட்பதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே கணக்கு தொடங்கி, ஷெரிஃப் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். தபாலிலும் அனுப்பலாம், ஆனால் இணையத்தில் அனுப்பினால் ஒரு எண் கிடைக்கும், பிற்பாடு விசாரிக்க வசதி. பலர் எஃப்.ஓ.ஐ.ஏ. என்ற சட்டத்தைக் குறிப்பிட்டு மிடுக்காக எழுதுகிறார்கள். அது மத்திய அரசு அலுவலகங்களுக்கான சட்டம், கவுண்டிக்கு அது பொருந்தாது. இங்கே வேண்டியது 1972-ல் வாஷிங்டன் வாக்காளர்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த மாநிலச் சட்டம். மாநிலச் சட்டத் தொகுப்பில் இன்று அது 42.56 என்ற அத்தியாயம். அந்த எண்ணை ஒரு தடவை குறிப்பிட்டால் போதும்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? இத்தனையாம் தேதி, இந்த முகவரியில் நடந்த வீட்டுத் திருட்டு, கேஸ் நம்பர் இது, முதல் சம்பவ ரிப்போர்ட், அதன் கூடுதல் ரிப்போர்ட்டுகள், திருடுபோன பொருட்களின் பட்டியல் ஆகியவற்றின் நகல் மின்னணு வடிவில் வேண்டும், நான் பாதிக்கப்பட்டவர். ஆங்கிலத்தில் நாலு வரிதான் ஆகும். 'இந்த கேஸ் சம்பந்தப்பட்ட எல்லா ஆவணங்களும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் ஈமெயில், புகைப்படம், 911 ஒலிப்பதிவு, கேமரா வீடியோ என்று அத்தனையையும் தேடி, ஒவ்வொன்றிலும் மறைக்க வேண்டியதை மறைத்து அனுப்ப வேண்டிவரும். சில பக்கத்தில் முடிய வேண்டிய வேலை மாதக்கணக்கில் இழுக்கும். உங்களுக்கு இன்சூரன்ஸும் பாஸ்போர்ட்டும்தான் தேவை என்றால் நான் மேலே சொன்னதற்கு மேல் எதையும் கேட்க மாட்டேன்.

டெபுடியின் உடல் கேமரா வீடியோ வேண்டுமானால் அதைத் தனி விண்ணப்பமாகப் போடுங்கள். சம்பந்தப்பட்டவரின் பெயர், கேஸ் நம்பர், தேதி நேரம் இடம், அதிகாரி யார் — இவற்றில் எதையாவது வைத்து அடையாளம் காட்டிக் கேட்க வேண்டும். மற்றவர்களிடம் வீடியோவில் முகங்களை மறைக்கும் செலவை வசூலிக்கலாம், சம்பவத்தில் நேரடியாகச் சம்பந்தப்பட்டவரிடம் வசூலிக்க முடியாது. வீடியோக்களைக் குறைந்தது 60 நாளாவது வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பின் இருக்கும் என்று நம்பிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

அனுப்பிய பிறகு 5 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். இங்கேதான் பலர் கோபப்படுகிறார்கள். அந்த 5 நாள் பதிலுக்கான கெடு, ஆவணத்துக்கான கெடு அல்ல. 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, இத்தனை நாளாகும்' என்று ஒரு தேதி சொன்னாலும் சட்டப்படி அது பதில்தான். அந்தத் தேதியைக் குறித்து வைத்து, தாண்டினால் விண்ணப்ப எண்ணைப் போட்டு மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள். ஸ்பாம் பெட்டியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். அவர்கள் விளக்கம் கேட்டு, நீங்கள் பதில் போடாமல் விட்டால் விண்ணப்பத்தையே மூடிவிடலாம். செலவு பெரிதாக இருக்காது. மாநிலச் சட்டத்தில் சொல்லியிருக்கும் கட்டணம் காகித நகலுக்குப் பக்கத்துக்கு 15 சென்ட், ஸ்கேன் செய்து தந்தால் 10 சென்ட்.

வரும் ரிப்போர்ட்டில் சில இடங்கள் கறுப்படித்து இருக்கும். ஓட்டுநர் உரிம எண், சில சமயம் சாட்சியின் பெயர் போன்றவை. பதற வேண்டாம்; ஆனால் எதை மறைத்தாலும் எந்தச் சட்டப் பிரிவின்படி மறைத்தோம் என்று அவர்கள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்தக் குறிப்பு இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

'விசாரணை நடக்கிறது, தர முடியாது' என்று பதில் வருவதற்கும் வாய்ப்பு இருக்கிறது. இதில் கிங் கவுண்டிக்கே ஒரு பழைய வழக்கு உண்டு. கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் பாடுபடும் சியாட்டில் அர்பன் லீக் அமைப்பின் தலைவராக இருந்த எட்வின் பிராட் 1969 ஜனவரியில் ஷோர்லைனில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளர் அந்தக் கோப்பைக் கேட்டார். வழக்கு இன்னும் திறந்திருக்கிறது என்று கவுண்டி மறுத்தது. 1997-ல் மாநில உச்ச நீதிமன்றமும் நடப்பில் உள்ள விசாரணைக் கோப்பை முழுவதுமாகவே மறைக்கலாம் என்று சொல்லிவிட்டது. கொலை நடந்து 28 வருடம் ஆகியும் அதுதான் நிலை. உங்களுடையது வீட்டுத் திருட்டு, இவ்வளவு கெடுபிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மறுத்தால், முதல் ரிப்போர்ட்டையும் பொருள் பட்டியலையும் மட்டுமாவது தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். மறுபரிசீலனையும் கோரலாம். அதற்கு மேல் ஒரு வருடத்துக்குள் சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போக வழி இருக்கிறது, ஆனால் ஒரு திருட்டு ரிப்போர்ட்டுக்காக வக்கீலுக்குப் பணம் கட்டச் சொல்ல மாட்டேன். விசாரணை முடிந்ததும் இன்னொரு விண்ணப்பம் போட்டால் போயிற்று.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கார் மோதல் ரிப்போர்ட்டுக்கு ஷெரிஃப் அலுவலகம் போகாதீர்கள். எந்த ஊர்ப் போலீஸ் எழுதியிருந்தாலும் அவை மாநிலக் காவல் படையான வாஷிங்டன் ஸ்டேட் பேட்ரோலிடம் போய்ச் சேருகின்றன, அங்கேயே இணையத்தில் வாங்கலாம். வேறு நாட்டு விசாவுக்கு நன்னடத்தைச் சான்று தேவைப்படுபவர்களிடம் பெரும்பாலும் எஃப்.பி.ஐ. தரும் சான்றைத்தான் கேட்பார்கள், கவுண்டியின் ஆவணத்தை அல்ல.

அப்புறம், பெயர். இனிஷியலோடு பெயர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே நேரும் கதி உங்களுக்கே தெரியும். டெபுடி அப்பா பெயரை முதல் பெயராக எழுதியிருக்கலாம், நடுவில் ஒரு எழுத்தை விழுங்கியிருக்கலாம். அதனால் பெயரை வைத்துத் தேடச் சொல்லாதீர்கள், கேஸ் நம்பரையே கொடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் கணவரின் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் தூதரகத்துக்கு அனுப்புமுன் டெபுடியைக் கூப்பிட்டு, திருத்தத்தை இன்னொரு கூடுதல் ரிப்போர்ட்டாகச் சேர்க்கச் சொல்லி, அதன் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.