பல் இம்ப்ளாண்ட் ஆயுள் முழுக்க நிற்குமா? எந்தக் கம்பெனி நல்லது?

நீங்கள் கேட்டது: கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தாயிற்று, சர்க்கரை இருக்கிறது, இரண்டு கிளினிக்கில் இரண்டு கம்பெனி சொல்கிறார்கள், விலை இரட்டிப்பு வித்தியாசம், எதை வைத்தால் கடைசிவரை நிற்கும் என்று. கம்பெனி விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதைவிடப் பெரிய காரணங்கள் முன்னால் நிற்கின்றன.

நீண்டகாலம் நிற்பது சாத்தியம்தான். 1965இல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முதன்முதலாக யோஸ்டா லார்சன் என்பவருக்கு டைட்டானியம் இம்ப்ளாண்ட், அதாவது பல் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் உலோகத் தண்டு, வைத்தார். 2006இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல், அவர் இம்ப்ளாண்ட் பற்களோடுதான் வாழ்ந்தார்.

இயற்கைப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ச்சவ்வு உண்டு. கடிக்கும் அதிர்ச்சியை அது தாங்கும். ஈறின் நார்களும் வேருக்குள் குறுக்காகப் புகுந்து இறுக்கிப் பிடித்திருக்கும். இம்ப்ளாண்டில் இந்தச் சவ்வு கிடையாது. உலோகம் நேராக எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. ஈறின் நார்கள் அதைச் சுற்றி வளையமாக ஓடுமே தவிர உள்ளே புகுந்து பிடிப்பதில்லை. அதனால் அழுக்கும் கிருமியும் கீழே இறங்குவது சுலபம். சொத்தை விழாது, கூச்சமும் இருக்காது. ஆகவே எலும்பு பாதி கரைந்த பிறகும் வலி தெரியாமல் போகலாம்.

முதல் சில மாதங்களில் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் சர்ஜரி அன்றே நடந்திருக்கும். எலும்பு 47 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிக்கப்படும். மழுங்கிய டிரில்லை அழுத்தி ஓட்டினால் அந்தச் சூடு வந்துவிடும். சலைன் ஊற்றிக்கொண்டு, சிறிய டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குவது அதற்காகத்தான். இடமும் கணக்கோடு வேண்டும்: பக்கத்துப் பல்லிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர், இரண்டு இம்ப்ளாண்டுகளுக்கு நடுவே 3, கீழ்த்தாடை நரம்புக்கு மேலே 2 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இம்ப்ளாண்டுக்கு எலும்பின் அகலம் 6 முதல் 7 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. கடைவாயில் இதைச் சாதாரண எக்ஸ்ரேயில் அளக்க முடியாது; சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் கேளுங்கள். இன்னொன்று: வைத்த அன்று இருக்கும் இறுக்கம் இரண்டாம், மூன்றாம், நான்காம் வாரங்களில் கொஞ்சம் குறையும். பழைய எலும்பு கரைந்து புது எலும்பு வருகிற நேரம் அது. வலி போய்விட்டதே என்று அப்போது அந்தப் பக்கம் முறுக்கைக் கடிக்க வேண்டாம்.

பல வருடம் கழித்துத் தோற்பதுதான் நான் இங்கே அழுத்திச் சொல்ல நினைப்பது. அதில் முக்கியமான காரணம், சுற்றியுள்ள ஈறில் வரும் தொற்று. அதைக் கிளப்பிவிடும் ஒரு சின்னப் பொருள் சிமெண்ட். இம்ப்ளாண்டின் மேல் வைக்கும் செயற்கைப் பல்தான் கேப்; அதை ஒட்டும்போது பிதுங்கி வரும் சிமெண்ட், விளிம்பு ஈறுக்குக் கீழே இருந்தால் அங்கேயே போய் உறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, இடத்தைப் பொறுத்து எக்ஸ்ரேயிலும் தெரியாமல் போகலாம். அந்தத் துணுக்கின் மேல் அழுக்கு படிந்து, சில மாதமோ சில வருடமோ கழித்து ஈறை அழுத்தினால் சீழ் வரும். முடிந்த இடத்தில் ஸ்க்ரூ வைத்த கேப் கேளுங்கள். மேலே சிறிய துளை இருக்கும். உள்ளே டெஃப்ளான் டேப் வைத்து, பல் நிறத்தில் அடைத்திருப்பார்கள். பிரச்சினை என்றால் கேப்பை உடைக்காமல் கழற்றலாம்.

கேப் ஆடினால் இம்ப்ளாண்டே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்; பல சமயம் உள்ளே ஸ்க்ரூதான் தளர்ந்திருக்கும். ஆனால் ஆடுவதோடு கடித்துக்கொண்டே இருந்தால் ஸ்க்ரூ உள்ளேயே முறிந்துவிடும், அதை எடுப்பது பெரும் பாடு. கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் கருவி) முறுக்கி, பத்து நிமிடம் விட்டு மறுபடி முறுக்க வேண்டும். வெறும் கை இறுக்கம் போதாது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர் என்றால் இரவில் பல்மேல் மாட்டும் உறையான நைட் கார்டு கட்டாயம்.

உங்கள் சர்க்கரைக்கு வருகிறேன். சர்க்கரை இருப்பது தடை இல்லை, கட்டுக்குள் இல்லாததுதான் தடை. மூன்று மாதச் சராசரி (HbA1c) 7க்குப் பக்கத்தில் இருந்தால் தாராளமாக யோசிக்கலாம். 8ஐத் தாண்டினால் முதலில் குறைத்துவிட்டு வாருங்கள். சிகரெட், புகையிலை இரண்டும் ஆறுவதையும் கெடுக்கும், பிந்தைய வருடங்களையும் கெடுக்கும். பாக்குப் பழக்கத்தால் வாய் திறப்பு சுருங்கியிருந்தால் கடைவாயில் டிரில்லும் போகாது, பிறகு பிரஷும் போகாது. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஊசி, மாத்திரை எடுத்தால் பெயரோடு சொல்லிவிடுங்கள். சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போகும். அந்தப் பல் ஈறு நோயால் ஆடி விழுந்ததா? அப்படியானால் மற்றப் பற்களின் ஈறைச் சரிசெய்யாமல் இம்ப்ளாண்ட் வைக்கவே வேண்டாம். அதே கிருமி இங்கேயும் குடியேறும்.

தினமும் ஒரு முறை, பிளாஸ்டிக் பூசிய கம்பியுள்ள இன்டர்டென்டல் பிரஷ்ஷைப் பக்கவாட்டில் விட்டு எடுங்கள். கேப்பின் வடிவம் அது நுழைய இடம் தர வேண்டும். பொருத்தும் நாளிலேயே கண்ணாடி முன் நீங்களே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். க்ளீனிங் போகும்போது அது இம்ப்ளாண்ட் என்று சொல்லுங்கள். சாதாரண ஸ்டீல் முனை அதன் மேல் கீறல் போடும்.

கேப் போட்ட அன்றே ஒரு எக்ஸ்ரே எடுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் எலும்பு கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்குப் பின் வருடத்துக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது 1986இலிருந்து சொல்லிவரும் அளவுகோல். பழைய படம் இல்லாமல் இதை எதோடு ஒப்பிடுவது? ஈறில் ரத்தம் மட்டும் என்றால் சுத்தம் செய்து மீட்கலாம். எலும்பு இறங்கத் தொடங்கிவிட்டால் நிறுத்தத்தான் பார்க்க முடியும், போனதை முழுதாகக் கொண்டுவருவது அரிது.

இப்போது கம்பெனி. பதினைந்து வருடம் கழித்து ஸ்க்ரூ மாற்ற வேண்டி வந்தால், அந்தக் கம்பெனி இருக்குமா, உதிரிபாகம் கிடைக்குமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஒரு கம்பெனியின் ஸ்க்ரூ பெரும்பாலும் இன்னொன்றுக்குச் சேராது. டப்பாவில் கம்பெனி பெயர், நீளம், அகலம், லாட் எண் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். அதை வாங்கி, அந்த முதல் எக்ஸ்ரேயோடு சேர்த்து உங்கள் ஃபைலில் ஒட்டி வையுங்கள்.