மருந்தைக் கணினியில் பதிந்தால் புதுப் பிழைகள் ஏன் வருகின்றன?

வைத்தியர் துண்டில் கிறுக்காமல், மருந்தையும் பரிசோதனையையும் நேரே கணினியில் பதிவதுதான் இந்த முறை. கையெழுத்துக் குழப்பம் தீரும். ஆனால் பட்டியலில் பக்கத்துப் பெயரைத் தட்டிவிடலாம். ஓயாமல் வரும் எச்சரிக்கைகளைப் படிக்காமலே மூடவும் பழகிவிடுவார்கள்.

அதைவிடப் பெரிய இழப்பு பேச்சு. வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில் "ரெண்டு கொத்து, ஒண்டு உறைப்புக் குறைச்சு!" என்று கத்தினால், "கோழி முடிஞ்சுது அண்ணை" என்று உள்ளேயிருந்து குரல் வரும். திரையில் தட்டினால் அது வராது. வார்ட்டில் தாதி கேட்கும் "இந்த அளவு சரியா, டொக்டர்?" இப்படித்தான் காணாமல் போகிறது (எனக்கு இதுதான் கவலை).

பிட்ஸ்பர்க்கில் ஒரு சிறுவர் மருத்துவமனையில், இம்முறை வந்தபின், வேறிடங்களிலிருந்து மாற்றப்பட்டு வந்த சிறுவரின் இறப்பு வீதம் 2.8 சதவீதத்திலிருந்து 6.57 ஆனது என 2005இல் ஓர் ஆய்வு சொன்னது. மென்பொருள்தான் குற்றவாளி என்று பலர் நினைக்கிறார்கள்; அதே மென்பொருளை நிறுவிய சியாட்டில் சிறுவர் மருத்துவமனையில் அப்படி உயரவில்லை.