பாறைக்காட்டில் சீமைக்கருவேலத் தூர் எடுப்பது: கேள்வியும் பதிலும்

தூர் எடுக்கிற வேலை, அதாவது வெட்டிய மரத்தின் அடிக்கட்டையை வேரோடு பிடுங்குகிற வேலை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் மண் வேலைக்கு வண்டி வைத்து ஓட்டுகிறவன், வேலை பெரும்பாலும் திண்டுக்கல், கரூர் பக்கத்துக் கரட்டு நிலங்களில். அதனால் கீழே சொல்வதெல்லாம் சரளையும் பாறையும் கலந்த செம்மண்ணுக்குப் பொருந்தும். கரிசல்காட்டுக்காரர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணே, அஞ்சு ஏக்கர் முழுக்க சீமைக்கருவேல மரம். விறகு வியாபாரியிடம் விட்டு எல்லாத்தையும் தரையோட தரையா அறுத்தாச்சு. இனி தூர் எடுக்க வண்டி கூப்பிடணும். எத்தனை மணி நேரம் ஆகும்?

தரையோடு அறுத்துவிட்டீர்களா, அங்கேதான் செலவு கூடிப்போச்சு. வியாபாரிக்கு எடைதான் கணக்கு, அதனால் அடியோடு அறுக்கத்தான் பார்ப்பார். ஆனால் வண்டிக்காரனுக்குப் பிடிமானம் வேண்டும். மூணு நாலு அடி உயரம் மரம் நின்றால் பக்கெட்டை அதன் தலையில் வைத்துத் தள்ளும்போதே பக்கவேர் பாதி அறுந்து தூர் சாய்ந்துவிடும். மொட்டையாக நிற்கிற தூரைச் சுற்றிலும் தோண்டித்தான் எடுக்கணும், பாறையில் அது இரண்டு மூன்று மடங்கு நேரம் தின்னும். இன்னும் வெட்டாதவர்கள் வியாபாரியிடம் முன்கூட்டியே பேசி, தூர் வெளியே வந்த பிறகு அந்த அடித்துண்டையும் அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். அவருக்கும் நட்டமில்லை.

மணிக்கணக்கை நேரில் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து எத்தனை தூர் வந்தது என்று எண்ணி, மீதியை அந்தக் கணக்கில் பெருக்கிக்கொள்ளுங்கள். காட்டின் சுலபமான மூலையில் ஆரம்பிக்க விடாதீர்கள், நடுவில் விடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜேசிபி போதுமா, ஹிட்டாச்சி வேணுமா?

கணுக்கால், முழங்கால் பருமன் தூர் என்றால் டயர் வண்டி, அதாவது ஜேசிபி போதும். தொடை பருமனுக்கு மேல், அதுவும் பாறையில், ஹிட்டாச்சி மாதிரி செயின் வண்டிதான். டயர் வண்டி ஏழெட்டு டன் எடை, தூர் பிடிவாதம் பிடித்தால் வண்டிதான் தூக்கிக்கொண்டு நிற்கும். இருபது டன் செயின் வண்டி உட்கார்ந்த இடத்திலிருந்து இழுக்கும். வாடகை கூட, கொண்டுவர லோபெட் (தாழ்தள டிரெய்லர் லாரி) வாடகை தனி, ஆனாலும் நூற்றுக்கணக்கில் தூர் இருந்தால் கடைசியில் அதுதான் மலிவு. இன்னொன்று முள். சீமைக்கருவேல முள் ஏறி டயர் பஞ்சரானால் அன்றைய வேலை போச்சு, வண்டிக்காரர் அந்தக் கோபத்தை உங்கள் வரப்பில் காட்டுவார்.

பக்கெட் பற்றியும் கேளுங்கள். மண் அள்ளுகிற அகலப் பக்கெட் இந்த வேலைக்கு ஆகாது. குறுகலான பக்கெட், பல் தேயாமல் இருக்கணும். ஒற்றைப் பல் ரிப்பர் (பக்கெட்டுக்குப் பதில் மாட்டுகிற கொக்கி மாதிரிப் பல்) வைத்திருக்கிற வண்டி கிடைத்தால் விடாதீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அந்தப் பல் புகுந்து பக்கவேரை அறுத்துவிடும், பக்கெட் புகாது.

கேள்வி: எங்க காட்டில் வேர் பாறை வெடிப்புக்குள்ளேயே போயிருக்கு. பிரேக்கர் போட்டுப் பாறையை உடைக்கச் சொல்றாங்க. உடைக்கணுமா சார்?

வேண்டாம் சார். இன்றைக்கு வந்ததிலேயே பயனுள்ள கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீமைக்கருவேலத்தின் ஆணிவேரை முழுசாக எடுக்க முடியாது. அரிசோனாவில் ஒரு சுரங்கம் வெட்டியபோது இதற்கு நெருங்கிய உறவான மரத்தின் வேரை 50 மீட்டருக்கும் கீழே பார்த்திருக்கிறார்கள். நல்லவேளையாக எடுக்கத் தேவையுமில்லை. திரும்பத் துளிர்ப்பது முக்கியமாக மரத்தின் கழுத்துப் பகுதியிலிருந்துதான், அதாவது தண்டும் வேரும் சேருகிற இடத்தில் மண்ணுக்குள் தூங்குகிற மொட்டுகளிலிருந்து. அந்தப் பகுதி பெரும்பாலும் தரைக்குக் கீழே ஒரு அடிக்குள் முடிந்துவிடும். அதற்குக் கீழே அறுத்துவிட்டால் வெடிப்புக்குள் இருக்கிற வேர் அங்கேயே கிடந்து மக்கும்.

ஆக, தூரைச் சுற்றி மண்ணை விலக்குங்கள், கடப்பாரையும் களைக்கொத்தும் போதும். தண்டின் சொரசொரப்பான பட்டை முடிந்து வேரின் பட்டை தொடங்குகிற இடம் கண்ணுக்கே தெரியும். அதிலிருந்து அரை அடி கீழே கோடாரியால் வெட்டுங்கள். செயின் ரம்பத்தை இறக்காதீர்கள், வேரோடு ஒட்டிய மணலும் சரளையும் பல்லை ஒரே தூரில் மழுக்கிவிடும். மழையில் மண் அரித்து வந்து சேர்ந்த தாழ்வான இடங்களில் மட்டும் கவனம்: அங்கே கழுத்தே ஒன்றரை அடிக்குக் கீழே புதைந்திருக்கும், மேலே ஒரு அடி வெட்டிவிட்டுச் செத்துப்போச்சு என்று நினைத்தால் ஆடி மாதம் புதர் நிற்கும்.

பாறையை உடைப்பது வீடு கட்டவோ கிணறு வெட்டவோ இருந்தால் சரி. ஒரு தூருக்காக பிரேக்கரை மணிக்கணக்கில் ஓட்டுவது வீண் செலவு.

கேள்வி: உப்பு போட்டால் போதும், பழைய ஆயில் ஊற்றினால் போதும்னு ஆளாளுக்குச் சொல்றாங்களே?

உப்பு வேண்டவே வேண்டாம். தூர் சாகுமோ சாகாதோ, அந்த இடத்து மண் செத்துவிடும். பழைய எஞ்சின் ஆயிலும் அப்படித்தான், பாறை வெடிப்பு வழியாக நேராகக் கிணற்றுக்குப் போகும்.

டீசல் ஊற்றிக் கொல்வது டெக்சாஸ் மேய்ச்சல் நிலங்களில் பழைய வழக்கம், வேலையும் செய்யும். கழுத்துப் பகுதி முழுக்க ஊற வேண்டும், அதுதான் சங்கடம். நூறு தூருக்கு எவ்வளவு டீசல் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பக்கத்தில் கிணறோ போரோ இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். களைக்கொல்லியில் ட்ரைக்ளோபைர் வகை சீமைக்கருவேலத்துக்குக் கேட்கும், ஆனால் வெட்டிய கையோடு, வெட்டுவாய் காய்வதற்குள் தடவணும். மறுநாள் தடவினால் மருந்து உள்ளே இறங்காது. அளவையும் அனுமதியையும் வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கிளைபோசேட் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். 2022 அக்டோபரில் வந்த உத்தரவு, அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலம்தான் பயன்படுத்தலாம் என்றது.

கேள்வி: தீ வைத்து எரிக்கலாமா?

பச்சைத் தூர் எரியாது, புகையும். ஒரு கோடை முழுக்கக் காய்ந்த தூர் எரியும், ஆனால் பாறைக்கு நடுவே எரிக்கும்போது தள்ளி நில்லுங்கள். சூட்டில் கருங்கல் பொருக்குப் பொருக்காக வெடித்துத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. வேர் வழியாக நெருப்பு மண்ணுக்குள்ளேயே கனன்று போய் நாலடி தள்ளி எழும்புவதும் உண்டு, அதனால் சருகு கிடக்கிற காட்டில் செய்யாதீர்கள்.

கேள்வி: குவாரிக்காரர் ஒருத்தர் வெடி வைத்து ஒரே நாளில் முடிச்சுத் தரேன்கிறார்.

உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். குவாரிக்கு வாங்கிய உரிமம் உங்கள் காட்டுக்குச் செல்லாது. 1884 வெடிபொருள் சட்டமும் 2008 விதிகளும் விளையாட்டு இல்லை, மாட்டினால் நிலத்துக்காரரும் சேர்ந்துதான் நிற்கணும்.

கேள்வி: தூரை அரைத்துத் தூளாக்குகிற மிஷின் வீடியோ பார்த்தேன், வாங்கலாமா?

புல்தரைக்கு அருமையான மிஷின். கல்லில் பட்டால் பல் தெறிக்கும். கரட்டு நிலத்துக்கு ஆகாது.

கேள்வி: மணிக்கணக்கா, மொத்தக் காண்டிராக்டா?

ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசினால் வண்டிக்காரர் அவசரத்தில் தலையை முறித்துப் போட்டுவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடுவார், மேலே பார்க்க நிலம் பளிச்சென்று இருக்கும். மணிக்கணக்கில் பேசினால் நாள் முழுக்க இழுப்பார். என் யோசனை, மணிக்கணக்கு, கூடவே நிலத்துக்காரர் நிழலில் உட்காராமல் வண்டிக்குப் பின்னால் நடப்பது. வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வண்டியின் மணி மீட்டரைப் போட்டோ எடுங்கள். டிரைவர் பேட்டா, வண்டி வந்துபோகிற செலவு எல்லாம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு ஆள் சுண்ணாம்புத் தூளோடு முன்னால் போய், எடுக்க வேண்டிய தூருக்கு மட்டும் குறி போடட்டும். வரப்பு ஓரத்திலும் சரிவிலும் இருப்பதை வண்டியால் பிடுங்காதீர்கள், அங்கே வெட்டிக் கொல்வதோடு விடுங்கள். சரிவில் நூறு குழி தோண்டினால் முதல் மழைக்கே மேல்மண் போய்விடும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

நல்ல மழை பெய்து நாலைந்து நாள் கழித்து. மண் இளகியிருக்கும், வண்டியும் புதையாது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழியில் ஆரம்பிப்பது எங்கள் பக்கம் சரியாக வரும். சித்திரையில் சரளை காங்கிரீட் மாதிரி இறுகிக் கிடக்கும், டீசல்தான் கரையும்.

கேள்வி: எடுத்த தூரை என்ன செய்வது?

கரி மூட்டம் போடுகிறவர்கள் வாங்குவார்கள், வேர்க்கட்டைக் கரி நல்ல கனமான கரி. ஆனால் மண்ணும் கல்லும் ஒட்டியிருந்தால் எடைமேடையில் சண்டை வரும். ஒரு மழை நனையட்டும், பிறகு வெயிலில் காயட்டும், கடப்பாரையால் இரண்டு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். குவித்து வைத்ததைக் கையால் புரட்டாதீர்கள், கட்டுவிரியனும் தேளும் முதலில் குடியேறுவது அங்கேதான்.

கேள்வி: ஐயா, எங்களுடையது தென்னைத் தூர், புயலில் விழுந்தது. கொஞ்சம் தைல மரமும் இருக்கு.

தென்னை துளிர்க்காது, அந்தக் கவலை இல்லை. மக்குகிற தூரில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அதனால் பக்கத்தில் உயிரோடு தென்னை இருந்தால் கட்டாயம் அப்புறப்படுத்துங்கள். தைல மரம் வெட்ட வெட்டத் துளிர்க்கும், அதற்கும் தரைக்குக் கீழே போய்த்தான் அறுக்கணும்.

கேள்வி: பக்கத்துக் கண்மாய்க் கரையில் உள்ளதையும் சேர்த்து எடுத்துவிடலாமா?

உங்கள் பட்டா எல்லையோடு நில்லுங்கள். கண்மாயும் புறம்போக்கும் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் கரையில் தூரைப் பிடுங்கினால் அந்தக் குழி வழியாகவே தண்ணீர் உடைத்துக்கொண்டு போகும்.

கேள்வி: எல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணி ஒரு வருஷம்தான், மறுபடி காடாக நிற்குது. வேர் மிச்சமா?

பெரும்பாலும் விதை. பிடுங்கிப் பாருங்கள்: கீழே பருத்த கட்டை இருந்தால் பழைய தூர், ஒற்றை ஆணிவேர் மட்டும் வந்தால் புதுக் கன்று. இந்த விதை மண்ணில் வருஷக்கணக்கில் காத்துக்கிடக்கும், ஆடுமாடு நெற்றைத் தின்று போடுகிற சாணத்தில் இன்னும் நன்றாக முளைக்கும். மழை முடிந்து ஈரம் இருக்கும்போதே, சாண் உயரத்தில் கையால் பிடுங்கிவிடணும், முழங்கால் உயரம் வந்தால் கை வலிக்கும். நிலத்தைச் சும்மா போடாமல் சோளமோ கொள்ளோ விதையுங்கள், உழவிலேயே பாதி போய்விடும். முதல் உழவுக்குச் சட்டிக் கலப்பை வேண்டாம், அறுந்த வேரையும் கல்லையும் மேலே கொண்டுவராமல் அவற்றின் மேல் உருண்டு போய்விடும். கொத்துக் கலப்பையை மேலோட்டமாக ஓட்டி, வந்த வேரையும் கல்லையும் பொறுக்கிச் சரிவுக்குக் குறுக்கே வரப்பாக அடுக்குங்கள்.