அக்காவின் பென்சில்

கேள்வி: காலமான என் தந்தை எழுதிய குழந்தைப் பாடல்கள் சில நோட்டுகளில் என்னிடம் உள்ளன. எங்கும் பதிவு செய்யவில்லை, அச்சிலும் வந்ததில்லை. இப்போது ஒரு பதிப்பகம் கேட்கிறது. வெளியான பிறகு யாராவது திருடினால் உரிமை கோர முடியுமா? பல பக்கங்களில் என் அக்கா பென்சிலால் சொற்களை மாற்றியிருக்கிறார். அவற்றை அழித்துவிட்டு ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன்.

பதில்: முதலில் அந்த ரப்பரைக் கீழே வையுங்கள்.

பதிவைப் பற்றி மாதம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். பாடலை எழுதியபோதே பதிப்புரிமை பிறந்துவிட்டது. பதிப்புரிமைக்காக நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையை 1908இல் திருத்தியபோதே, பதிவு போன்ற சம்பிரதாயங்கள் நிபந்தனையாகக் கூடாது என்று முடிவாகிவிட்டது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. வழக்கென்று வந்தால் பதிவு கைகொடுக்கும், அது வேறு விஷயம்.

எவனோ திருடுவான் என்று பயப்படுகிறீர்களே, உங்கள் மேசையில் நடப்பதற்கு என்ன பெயர்? நோட்டு உங்கள் அலமாரியில் இருப்பதால் பாட்டு உங்களுடையதாகிவிடாது. தாள் வேறு, உரிமை வேறு. தந்தை உயில் எழுதாமல் போயிருந்தால், மற்ற சொத்தைப் போலவே இதுவும் வாரிசுகளுக்குத்தான். அக்காவும் வாரிசு. அவரைக் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பென்சில் எழுத்தைப் படித்தாவது பார்த்தீர்களா? எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியிருந்தால் அது உதவி. 'அணிலைப் பற்றி எழுதுங்கள் அப்பா' என்று யோசனை சொல்லியிருந்தாலும் உரிமை வராது. பதிப்புரிமை கருத்துக்கு இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான். ஆனால் சந்தம் இடித்த இடத்தில் இருவரும் சேர்ந்து அடியையே மாற்றிக் கட்டியிருந்தால், அக்கா கூட்டாசிரியர் ஆகலாம். ஆசிரியர் மறைந்து குறைந்தது 50 ஆண்டுகள், பல நாடுகளில் 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கூட்டுப் படைப்பில் அந்தக் கணக்கு கடைசி ஆசிரியரின் மறைவுக்குப் பிறகே தொடங்கும். அதையும் சேர்த்துத்தான் அழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மகள், புத்தகமாக வரும்போது மகன். இந்தக் கணக்கை எத்தனையோ வீடுகளில் பார்த்தாயிற்று. எனக்கு இது ஒருநாளும் பிடித்ததில்லை.

அழித்த பக்கங்களைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பென்சில் பதிந்த தடம் தெரியும். அப்படியே படமெடுத்து வையுங்கள். எந்த அடி யாருடையது என்று அக்காவோடு உட்கார்ந்து குறியுங்கள். ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமைகளும் நிரந்தரமாக' என்றிருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அச்சிடும் உரிமையை மட்டும், இத்தனை ஆண்டுகளுக்கு என்று கொடுங்கள். பதிப்பகத்தாரிடம் இரண்டாவது கையெழுத்துக்கும் இடம் விடச் சொல்லுங்கள்.