ரா படங்களைத் திருத்த எந்த மென்பொருள்? சந்தா கட்டுமுன் ஒரு நிமிடம்

மதுரை வாசகர் ஒருவரின் கேள்வி இது: "நிக்கான் டி5600 வைத்திருக்கிறேன். திருவிழாக்களும் பறவைகளும் எடுப்பேன். ரா-வில் (சென்சார் பதிவைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பு வகை) எடுத்தால் நல்லது என்றார்கள். ஆனால் கேமராத் திரையில் பளிச்சென்று இருக்கும் படம், டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் வெளிறிப்போய்க் கிடக்கிறது. அடோபியின் லைட்ரூம் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டினால் சரியாகுமா? லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான்; தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது."

இப்போதைக்குச் சந்தா வேண்டாம். நிக்கான் இலவசமாகத் தரும் என்எக்ஸ் ஸ்டூடியோ மென்பொருளை நிறுவி, அதே படங்களைத் திறந்து பாருங்கள். கேமராவில் பார்த்த நிறம் ஏறக்குறைய அப்படியே வரும்.

கேமராத் திரையில் தெரிவது, ரா கோப்புக்குள் கேமராவே செய்து வைத்திருக்கும் ஒரு ஜேபெக். பிக்சர் கன்ட்ரோல் (படத்தின் தோற்றத்துக்கான நிக்கான் அமைப்பு), கான்ட்ராஸ்ட், ஷார்ப்னஸ் எல்லாம் அதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ரா-வில் இருப்பதோ சென்சார் அளந்த வெளிச்சக் கணக்கு. ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயரின் பெயரில் 1976-இல் காப்புரிமை பெற்ற அந்த வடிகட்டி அமைப்புதான் உங்கள் கேமராவிலும் இருக்கிறது. விடுபட்ட இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கணித்து நிரப்புவதும், எவ்வளவு கான்ட்ராஸ்ட் கொடுப்பது என்று முடிவெடுப்பதும் மென்பொருளின் வேலை. அதனால்தான் ஒரே கோப்பு நான்கு மென்பொருள்களில் நான்கு விதமாகத் தெரிகிறது. டார்க்டேபிள் வேண்டுமென்றே அடக்கமான தோற்றத்தில் தொடங்குகிறது. உங்கள் படத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

நிக்கான்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆக்டிவ் டி-லைட்டிங் என்ற கேமரா அமைப்பு ஆனில் இருந்தால், வெளிச்சப் பகுதிகளைக் காப்பதற்காகக் கேமரா எக்ஸ்போஷரை (சென்சாரில் பதியும் வெளிச்ச அளவை) கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். பிறகு ஜேபெக்கில் நிழல்களை ஏற்றிவிடும். என்எக்ஸ் ஸ்டூடியோவுக்கு இந்தக் கணக்கு தெரியும். மற்றவற்றுக்குத் தெரியாது, படம் இருட்டாகத்தான் திறக்கும். வேறு மென்பொருளில் வேலை செய்வதானால் அதை ஆஃப் செய்துவிடுங்கள்.

கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொபஷனல், சோனிக்கு இமேஜிங் எட்ஜ் என்று மற்ற நிறுவனங்களும் இப்படி இலவசமாகத் தருகின்றன. குறை என்னவென்றால், நாளை வேறு பிராண்டு கேமராவுக்கு மாறினால் அதன் ரா கோப்புகளை என்எக்ஸ் ஸ்டூடியோவில் திருத்த முடியாது.

அதைத் தாண்டிப் போக நினைத்தால், உங்கள் லேப்டாப்புக்கு நான் சொல்வது ரா-தெரபி. இதுவும் இலவசம். கிராபிக்ஸ் கார்டை இது பயன்படுத்துவதே இல்லை என்பதால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. ரா-வுக்குள் இருக்கும் ஜேபெக்கைப் பார்த்து அதன் கான்ட்ராஸ்டுக்கு ஏற்ற டோன் வளைவை (வெளிச்சத்தையும் நிழலையும் ஏற்றி இறக்கும் கோடு) தானே அமைத்துக்கொள்ளும் வசதி இதில் உண்டு. உங்கள் வெளிறல் புகார் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்காக டார்க்டேபிளைக் கைவிட்டுவிட வேண்டாம். வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர், கான்ட்ராஸ்டுக்கு சிக்மாய்ட், நிறத்துக்கு கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் முதலில் பழகுங்கள். தீவட்டி வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த படங்களுக்கு, கேமரா மாடல் வாரியாக அளந்து வைத்த நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு) விவரங்களைக் கொண்டு அதைக் குறைக்கும் வேலை செய்யும் பகுதி ஒன்றும் அதில் இருக்கிறது. கேமராவில் 14 பிட் ரா-வைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிறத்துக்கு 16,384 படிகள் கிடைக்கும். ஜேபெக்கில் 256 மட்டுமே. இருட்டில் நிற்கும் முகங்களை மேலே ஏற்றும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அப்படியானால் காசு கொடுத்து என்ன வாங்குகிறோம்? என் பார்வையில், நேரம். ஆயிரம் படங்களைச் சலித்து, வானத்தையும் ஆளையும் ஒரே கிளிக்கில் பிரித்து, ஒன்றில் செய்ததை நூற்றுக்குப் போடுவதில் லைட்ரூம் கிளாசிக் வேகமானது. ஆனால் அதன் ஏஐ நாய்ஸ் நீக்கமும், டிஎக்ஸ்ஓ போட்டோலேப் மென்பொருளில் அதே வேலையைச் செய்யும் டீப்பிரைமும் நல்ல கிராபிக்ஸ் கார்டை எதிர்பார்ப்பவை. உங்கள் லேப்டாப்பில் ஒவ்வொரு படத்துக்கும் நிமிடக்கணக்கில் காத்திருக்க நேரும். பறவைப் படங்களின் நாய்ஸ்தான் பெரிய தலைவலி என்றால், முதல் செலவு கம்ப்யூட்டருக்குப் போகட்டும். பிறகு போட்டோலேபை யோசிக்கலாம். அதை ஒரே முறை பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். கேப்சர் ஒன் என்ற மென்பொருள், போட்டோ ஸ்டூடியோவில் கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைத்து எடுப்பவர்களுக்கு அருமையானது, உங்களுக்கு அவசியமில்லை.

சந்தாவில் இறங்குமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். லைட்ரூம் கிளாசிக் சந்தாவை நிறுத்தினாலும் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். படங்களைத் திருத்தும் டெவலப் பகுதியும், மேப் பகுதியும் பூட்டிக்கொள்ளும். லைட்ரூமில் செய்த திருத்தங்களை வேறு மென்பொருள் அப்படியே படித்துக்கொள்ளாது. மிகப் பிடித்த படங்களை 16 பிட் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் பட வகை) கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, ரா-வோடு சேர்த்து இரண்டு டிஸ்குகளில் வையுங்கள். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் இது பொருந்தும்.

ஒப்பிட்டுப் பார்க்க, உங்கள் படங்களிலேயே கடினமான ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தீப்பந்தம் ஒன்று, உச்சிவெயில் ஒன்று, முகம் ஒன்று, வானத்துக்கு எதிரே பறவை ஒன்று, அதிக ஐஎஸ்ஓ ஒன்று. அவற்றை என்எக்ஸ் ஸ்டூடியோ, ரா-தெரபி, டார்க்டேபிள் மூன்றிலும் முடித்துப் பாருங்கள். லைட்ரூமின் 7 நாள் சோதனைக் காலத்தை இப்போது வீணாக்க வேண்டாம். சித்திரைத் திருவிழா முடிந்து, கார்டு நிறையப் படங்களோடு வீடு திரும்பிய மறுநாள் அதைத் தொடங்குங்கள்.