டோரதி டான்ட்ரிட்ஜ்: பாட்டு இரவல்தான்

வணக்கம் சார்,

நேற்றிரவு 'கார்மன் ஜோன்ஸ்' (1954) என்ற அமெரிக்கப் படம் பார்த்தேன். நாயகி டோரதி டான்ட்ரிட்ஜ் மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அப்புறம் தேடிப் பார்த்தால், பாடியது வேறொருவராம்! பாட்டு இரவல் என்றால் அவரை ஏன் 'பாடகி' என்றும் எழுதுகிறார்கள்? ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர் அதற்குப் பிறகு எங்கே போனார்?

கே.

அன்புள்ள கே.,

இரவல்தான். பாடியவர் மேரிலின் ஹார்ன், அப்போது இருபது வயது வெள்ளைக்காரப் பெண், பின்னாளில் பெரிய ஓபரா பாடகி. படத்தின் இசை, பிஸே என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் 'கார்மன்' ஓபராவிலிருந்து (பாடியே நடிக்கும் இசை நாடகம்) எடுத்தது, அதற்கு ஓபரா தொண்டைதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். பாட்டையே தொழிலாக வைத்திருந்த நாயகன் ஹாரி பெலஃபான்டேவுக்கே அந்தப் படத்தில் வேறு ஆள்தான் பாடினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டோரதி பாட ஆரம்பித்தது சின்னப் பிள்ளையாக, அக்கா விவியனோடு ஊர் ஊராகத் தேவாலயங்களில். 1941-ல் வந்த 'சன் வேலி செரினேட்' படத்தில் நடனக்காரர்களான நிக்கலஸ் சகோதரர்களோடு பாடி ஆடுகிறார், அது சொந்தக் குரல். 1958-ல் ஆஸ்கர் பீட்டர்சன் பியானோ வாசிக்கப் பதிவு செய்த பாட்டுகளும் உண்டு. உச்சத்துக்குப் போகிற குரல் இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, இரவு விடுதி மேடைக்கென்றே பழகிய குரல். எனக்கு அதுதான் பிடிக்கும். 1955-ல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலின் எம்பயர் ரூமில் கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலாக நிகழ்ச்சி நடத்தினார் என்றால் அது இவர்தான்.

கார்மன் வேடமும் சும்மா வரவில்லை. இயக்குநர் ஆட்டோ பிரெமிஞ்சர் இவரைப் பார்த்துவிட்டு, ரொம்ப நாசூக்கான பெண், அடக்கமான சிண்டி லூ வேடத்துக்குத்தான் சரி என்றிருக்கிறார். போனவர், தோள் தெரியும் பிளவுஸ், இறுக்கமான ஸ்கர்ட், கலைந்த தலை என்று கார்மனாகவே திரும்பி வந்து நின்றார். வேடம் கிடைத்தது.

அந்த வேடத்துக்காக, சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 1955 மார்ச்சில் விருது கிரேஸ் கெல்லிக்குப் போனது, அது பெரிய விஷயமில்லை. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் படக் கம்பெனியின் ஒப்பந்தம் கையில் இருந்தது, ஆனால் கறுப்பு நாயகிக்கென்று கதை எழுத ஆள் இல்லை, வெள்ளை நாயகனோடு காதலித்தால் அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்கள் என்ன சொல்லுமோ என்ற பயம் வேறு. 'தி கிங் அண்ட் ஐ'யில் அடிமைப் பெண் வேடம் வந்தது, மறுத்துவிட்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாயகியாக நடித்தவரை மறுபடி கீழ்ப்படியில் நிற்கச் சொன்னால் யார்தான் நிற்பார்கள்? அடுத்த படம் திரைக்கு வர 1957 ஆகிவிட்டது.

அப்புறம் நடந்ததை நீட்ட மனமில்லை. எண்ணெய்க் கிணறுகளில் போட்ட பணம் போனது, 1963-ல் திவால். 1965 செப்டம்பரில், 42 வயதில் இறந்தபோது வங்கிக் கணக்கில் 2 டாலர் 14 சென்ட். 1958-ல் பாடியவை அப்போதும் ரெக்கார்டு கம்பெனியில் கிடந்தன. ஆல்பமாக வந்தது 1999-ல்.